மரப்பு நோய் முற்றும்போது துணை நிற்றல்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

நரம்பு மண்டலப் பாடம் நமக்குப் புதிதன்று. பள்ளியிலேயே நரம்புச் செல்லின் படத்தை வரைந்து, பாகங்களைக் குறித்து, ஐந்து மதிப்பெண் பெற்றவர்கள் நாம். அந்தப் படத்தில் ஆக்ஸானைச் சுற்றி மணி கோத்தாற்போல ஓர் உறையை வரைவோம். 'மையலின் உறை' என்று எழுதி அம்புக்குறி இடுவோம். அவ்வுறை பழுதுபட்டால் ஒரு வீட்டில் என்னென்ன நிகழும் என்று அந்த வினா கேட்பதில்லை. அதை எழுதலாம் என்று எண்ணுகிறேன்.

என் அக்காவுக்கு இந்நோய் இருக்கிறது. ஆங்கிலத்தில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பர்; தமிழில் 'தண்டுவட மரப்பு நோய்' என்று வழங்குகிறது. (இப்பெயர் முழுப் பொருத்தமுடையதன்று. தண்டுவடத்தை மட்டுமன்றி மூளையையும் கண் நரம்பையும் இந்நோய் தாக்குகிறது. ஆயினும் வழங்கிவிட்ட பெயரை நான் மாற்ற முற்படவில்லை.) அக்காவைக் கேட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன். 'என் பேரைப் போடாதே, மத்ததெல்லாம் எழுது' என்றார்.

உறையும் செய்தியும்

நரம்பு வழியே செய்தி மின் துடிப்பாகச் செல்கிறது. உறையுள்ள நரம்பிழையில் அத்துடிப்பு, உறையின் இடையிடையே உள்ள ரான்வியர் கணுக்களில் தாவித்தாவிச் செல்லும். அதன் வேகம் நொடிக்கு 100 மீட்டருக்கு மேலும் இருக்கலாம். உறையற்ற மெல்லிய இழையிலோ அது நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் அளவினதே. மூளையிலும் தண்டுவடத்திலும் இவ்வுறையை உண்டாக்குபவை ஆலிகோடெண்ட்ரோசைட்டு என்னும் செல்கள். உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே, ஏதோ பிழையால், இவ்வுறையைப் பகையென்று கருதித் தாக்குவதே இந்நோய். தாக்குண்ட இடம் ஆறித் தழும்பாகி இறுகுகிறது. பாரிசு நகரின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ழான் மார்ட்டின் ஷார்கோ, 1868ஆம் ஆண்டில் இத்தழும்புகளையும் நோயாளியிடம் கண்ட குறிகளையும் இணைத்துக் காட்டி, இதனைத் தனி நோயாக நிலைநாட்டினார்.

ஒரே காரணம் என்று எதையும் சுட்ட இயலாது. எனினும் அமெரிக்கப் படைவீரர் ஒரு கோடிப் பேருக்கு மேற்பட்டோரின் குருதி மாதிரிகளைக் கொண்டு நடந்து, 2022இல் வெளியான ஆய்வு, எப்ஸ்டைன்-பார் வைரசு தொற்றிய பின் இந்நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு உயர்கிறது என்று கண்டது. அவ்வைரசு உலகில் பெரும்பாலோர் உடலில் இருப்பதே. அவர்களுள் மிகச் சிலருக்கே இந்நோய் வருகிறது. ஆகவே எங்கள் ஊரார் சிலர் கூறியதுபோல அக்கா சாப்பிட்டதாலோ, குறுக்கே நடந்ததாலோ, கண் பட்டதாலோ வந்ததன்று இது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரு மடங்குக்கும் மேலாக இது வருகிறது.

பெரும்பாலோர்க்கு, அதாவது நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்கு, இது முதலில் வந்து வந்து போகும். அக்காவுக்கும் அப்படித்தான். பதினோர் ஆண்டுகளுக்கு முன் ஒரு கண் மங்கியது. ஆறு வாரத்தில் தெளிந்தது. ஒன்றரை ஆண்டு கழித்து இடுப்புக்குக் கீழே மரத்தது. நகரத்துப் பெரிய மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுத்து, பெயர் சொல்லி, ஐந்து நாள் ஸ்டீராய்டு ஊசி ஏற்றினார்கள். அக்கா நடந்தே வீடு திரும்பினார். அடுத்த முறையும் ஊசி. அடுத்த முறையும் நடை. அப்போது நான் பள்ளிச் சிறுவன். எங்கள் வீட்டில் அந்நோய்க்கு ஒரு முறைமை ஏற்பட்டுவிட்டது. வந்தால் ஊசி போட வேண்டும், போட்டால் போய்விடும். அப்பா செங்கல் சூளையில் கூலி. ஒவ்வொரு முறைக்கும் ஓர் ஆட்டை விற்பார். இடைப்பட்ட காலத்தில் அக்கா தையல் மெஷினில் அமர்ந்து, அந்த ஆட்டையும் திரும்ப வாங்கி, என் படிப்பையும் ஓட்டினார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான்தான். அந்த வாசல் வரை என்னைத் தள்ளியது அக்காவின் கால் மிதித்த பெடல் என்றால் மிகையாகாது.

கறையான்

இந்நோய்க்கு இரண்டாம் கட்டம் ஒன்று உண்டு. வந்து போகும் தாக்குதல்கள் குறைந்து, சில வேளை நின்றே போய், அதே சமயம் உடல் மட்டும் மெல்ல மெல்லத் தளர்ந்துகொண்டே செல்லும். 1996இல் வல்லுநர்கள் இந்நோயின் போக்குகளை வகைப்படுத்தியபோது இதனை 'இரண்டாம் நிலைப் படர்முறை' என்னும் பொருள்படப் பெயரிட்டனர். சிலருக்குத் தொடக்கத்திலிருந்தே இவ்வாறு தளர்வதும் உண்டு.

ஏன் இப்படி? முதற்கட்டத்தில் வெள்ளணுக்கள் குருதியிலிருந்து கூட்டமாக மூளைக்குள் நுழைகின்றன. அது வெளியிலிருந்து வரும் திருடனைப் போன்றது; வாசலில் காவல் போடலாம். 1993இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இன்டர்ஃபெரான் முதல் இன்றுள்ள மருந்துகளில் பலவும் இத்தகைய காவலே. இரண்டாம் கட்டத்திலோ அழற்சி உள்ளேயே தங்கிக் கனன்றுகொண்டிருக்கிறது. உறை இழந்த ஆக்ஸான் அதே செய்தியைக் கடத்த முன்னிலும் மிகுதியான ஆற்றலைச் செலவிட வேண்டியிருக்கிறது. அதன் மைட்டோகாண்ட்ரியா ஈடுகொடுக்க இயலாமல் போக, இழையே மடிகிறது. இது உத்தரத்தில் ஏறிய கறையான். வாசற்காவல் இதற்குப் பயன் குறைவு. 2017இல் ஒக்ரெலிசுமாப் என்னும் மருந்து, தொடக்கத்திலிருந்தே படரும் வகைக்கு முதன்முதலாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2019இல் சிபோனிமாட், இரண்டாம் கட்டத்திலும் தாக்குதல் ஓயாதவர்க்கென ஒப்புதல் பெற்றது. இவை வேகத்தைத் தணிக்கின்றன. மடிந்த இழையை மீட்பதில்லை.

மருத்துவர்க்கும் இடர்ப்பாடான செய்தி ஒன்றுண்டு. முதற்கட்டம் முடிந்து இரண்டாம் கட்டம் தொடங்கிய நாள் என்று ஒன்றைக் காட்ட முடியாது. கடந்துவந்த மாதங்களைத் திரும்பிப் பார்த்துத்தான் 'எப்போதோ மாறிவிட்டது' என்று கூற இயலும். தாக்குதல் வந்தால் வீடு முழுவதும் ஓடும், வண்டி பிடிக்கும், ஆடு விற்கும். இதற்கு ஓடுவார் யாருமில்லை. நேற்றுப்போலவே இன்றும் இருக்கிறது என்று வீட்டார் எண்ணுகிறோம். நோயாளி ஒருவர்க்கே தெரிகிறது, நேற்றுப்போல இல்லை என்று.

சென்ற ஆண்டு தொடக்கத்தில் அக்காவை அழைத்துச் சென்றபோது அப்பா மருத்துவரிடம், 'அந்த ஊசியப் போட்டுடுங்க சார், பணம் கொண்டாந்திருக்கேன்' என்றார். இது தாக்குதல் அன்று, ஊசி பயன்படாது என்று அவர் சொன்னார். சொன்னவர்க்கு வெளியே நாற்பது பேர் காத்திருந்தனர். பேருந்து நிலையத்தில் அப்பா, 'ஏழைக்குப் பெரிய ஊசி போடமாட்டேங்கிறானுங்க' என்றார். வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. பேருந்தில் சீட்டைப் படித்தேன். அதில் இரண்டாம் நிலைப் படர்முறை என்று எழுதியிருந்தது. அப்பொருளைக் கைப்பேசியில் தேடியும் பார்த்தேன். 'என்னடா எழுதியிருக்காங்க?' என்று அக்கா கேட்டார். 'நரம்புக்கு மாத்திரை, ஓய்வெடுக்கணுமாம்' என்றேன். அச்சீட்டை என் வேதியியல் நோட்டுக்குள் வைத்து நான்கு மாதம் மறைத்தேன்.

நல்லெண்ணத்தோடுதான் செய்தேன். அதன் விளைவுகளையும் சொல்லிவிட வேண்டும். உண்மை தெரியாத வீடு பழைய முறைமைப்படியே நடந்தது. 'முயற்சி பண்ணு, போன தடவை நடக்கலையா?' என்று அம்மா சொல்வார். மே மாதம், வேண்டுதல் என்று இரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோயிலுக்கு அக்காவை நடத்திச் சென்றோம். பாதி வழியில் கால் இரண்டும் மடங்கி விழுந்தார். கண்ணும் தெரியவில்லை என்றார். 1890இல் உட்டாஃப் என்ற செருமானியக் கண் மருத்துவர் குறித்துவைத்ததே அது. உடற்சூடு அரை டிகிரி ஏறினாலும் உறை கெட்ட நரம்பில் செய்தி தடைப்படும், குளிர்ந்தால் திரும்பும். நிழலில் கிடத்தி ஈரத்துண்டு போட்ட அரைமணியில் எழுந்து உட்கார்ந்தார். தெய்வ அருள் என்றார்கள். நான் அறிந்தும் வாய் திறக்கவில்லை. 

அடுத்து ஒரு காய்ச்சல். கழிப்பறை வீட்டின் பின்கோடியில் இருந்தது. அவசரமாக எழுந்து போக முடியாததால் அக்கா தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். இந்நோயில் சிறுநீர்ப்பையின் நரம்பும் கெடுவதால் சிறுநீர் முழுதும் வெளியேறாமல் தேங்கும். தண்ணீரும் குறைந்தால் தொற்று எளிதில் வரும். தொற்றும் காய்ச்சலும் வந்தால் பழைய குறைகள் எல்லாம் ஒன்றாகத் தலைகாட்டும். மூன்று நாள் கால் அசையவில்லை. மறுபடியும் தாக்குதல் என்று அப்பா ஆடு விற்கப் போனார். அது தொற்று, சாதாரண மாத்திரையில் ஒரு வாரத்தில் தணிந்தது. தண்ணீரைக் குறைக்கக் கூடாது என்று யாரேனும் அவரிடம் சொல்லியிருக்கலாம். அந்த யாரேனும் நான்தான்.

பிரித்த கடிதம்

இந்த வேளையில்தான் ஒட்டுண்ணிப் பூச்சிகள் பற்றிக் கருத்தரங்கக் கட்டுரைக்குத் தேடிக்கொண்டிருந்தபோது, பேன்களை ஆராய்ந்த ஓர் ஆங்கிலேயரைப் பற்றிப் படித்தேன். அவர் பெயர் புரூஸ் ஃபிரெடரிக் கம்மிங்ஸ். 1889இல் டெவன் மாவட்டத்து பார்ன்ஸ்டேப்பிளில் பிறந்தவர். தந்தை செய்தித்தாள் நிருபர். பல்கலைக்கழகம் சென்றவரல்லர். தாமே படித்து, தாமே உயிரிகளை அறுத்துப் பார்த்துக் கற்று, போட்டித் தேர்வில் வென்று, 1912இல் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த வரிகளைப் படித்தபோது எனக்கு அவர் மேல் சொந்தக்காரர் போன்ற பற்று உண்டாயிற்று.

1915 நவம்பரில், போர்க்காலமாதலின், படைக்கு ஆள் எடுக்கும் மருத்துவப் பரிசோதனைக்குச் சென்றார். அவருடைய மருத்துவர், அங்குள்ள அதிகாரியிடம் கொடுக்கும்படி ஒட்டிய கடிதம் ஒன்றைத் தந்திருந்தார். கடிதத்திற்குத் தேவையே ஏற்படவில்லை. பார்த்த உடனேயே தகுதியில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வீடு திரும்பும் வழியில் அக்கடிதத்தைப் பிரித்தார். தமக்கு மரப்பு நோய் என்பதை அப்போதுதான் அறிந்தார். அவருக்குத் திருமணமாகி இரண்டே மாதம். மனைவி துயருறுவாரே என்று அவரிடம் மறைத்தார். பின்னரே தெரிந்தது, அந்த அம்மையார் திருமணத்திற்கு முன்பே மருத்துவரிடமிருந்து இதனை அறிந்து, அறிந்தே மணந்தவர் என்று! ஒரே கூரையின் கீழ் ஒருவருக்காக ஒருவர் அதே செய்தியை ஒளித்துக்கொண்டிருந்தனர்.

1917இல் வேலையை விட்டார். டபிள்யூ. என். பி. பார்பெல்லியன் என்ற புனைபெயரில் அவரது நாட்குறிப்பு, எச். ஜி. வெல்சின் முன்னுரையோடு 1919 மார்ச்சில் வெளியாயிற்று. அதே ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள், முப்பதாம் வயதில், மறைந்தார். நம் நூலகத்தில் அந்நூல் இல்லை. கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கிறது. கடின ஆங்கிலம். அகராதியோடு படித்தேன். உடல் ஒவ்வொரு உறுப்பாகக் கைவிட்டுப் போவதை, பேனைக் கவனித்த அதே கண்ணால் தம்மிடமே கவனித்து அவர் எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது, நோயாளியை விட நோயை நன்கு கவனிப்பவர் யாருமில்லை என்பது.

பருவத் தேர்வுக்குப் பின் ஓர் இரவு, அந்தச் சீட்டை எடுத்துவந்து அக்காவிடம் வரிவரியாகத் தமிழில் சொன்னேன். குரல் நடுங்கியது. அவர் ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்துக்கொண்டிருந்தார், நிறுத்தவில்லை. முடித்தபின் தம் அளவு நோட்டை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். முன்பக்கத்தில் ஊர்ப் பெண்களின் தோள், மார்பு, கை அளவுகள். பின்பக்கத்தில் மாதவாரியாக எண்கள். நாளுக்கு எத்தனை ஜாக்கெட் தைத்தார் என்பது ஒரு வரிசை. ஆறு, ஐந்து, நான்கு, நான்கு, இரண்டு. குழாயடி வரை நிற்காமல் போன நாள்களுக்கு ஒரு கோடு. வலது கால் பெடலில் எத்தனை நேரம் நிற்கிறது என்பதற்கு இன்னொரு வரிசை. பதினெட்டு மாதக் கணக்கு அது. மருத்துவர் திரும்பிப் பார்த்துக் கண்டதை அக்கா முன்னோக்கியே எழுதி வந்திருக்கிறார்.

'நீ மறைக்கிறது தெரியும்டா தம்பி. பரீட்சை முடியட்டும்னு இருந்தேன்' என்றார்.

செய்தவையும் செய்யக்கூடியவையும்

துணை நிற்றல் என்றால் என்ன என்று அதன் பின்னரே நான் கற்கத் தொடங்கினேன். முதலாவது, 'முயற்சி பண்ணு' என்ற சொல்லை எங்கள் வீட்டில் நிறுத்தினோம். இந்நோயாளிகளின் சோர்வு வேலை செய்து வரும் அசதி போன்றதன்று. காலையில் எழும்போதே வரும். சோம்பல் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அவர்கள் சோர்வை மறைக்கத் தொடங்குவர், பிறகு விழுவர். ஆனால் படுத்தே கிடக்கச் சொல்வதும் தவறு. அளவான உடற்பயிற்சி நோயை முற்றச் செய்வதில்லை. தசை இறுகாமல் காக்கிறது. உடற்பயிற்சி மருத்துவர் காட்டிய நீட்டல் பயிற்சிகளை நானும் அம்மாவும் மாறி மாறிச் செய்விக்கிறோம்.

வெயிலுக்கு முன், காலை ஆறு முதல் பத்து வரை தையல். பகலில் ஈரத்துண்டு, மின்விசிறி. கழிப்பறையைப் பின்கோடியிலிருந்து திண்ணையோரம் மாற்றினோம். ஆட்டுப் பணம் ஊசிக்குப் போகாமல் இம்முறை மேற்கத்திய பீங்கானுக்கும் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பிக்கும் போயிற்று. அப்பாவுக்கு முதலில் மனமில்லை. கம்பி பதித்தால் நோயை வீட்டில் குடிவைத்தது போல என்றார். பதித்த அன்றே அக்கா இரண்டு செம்பு தண்ணீர் குடித்ததைப் பார்த்தபின் பேசவில்லை.

மெஷினுக்கு மோட்டார் பொருத்தினோம். அதன் மிதியை இடது காலுக்குத் தோதாக நகர்த்தி வைத்தார் பக்கத்து ஊர் மெக்கானிக். இந்நோயின் தளர்ச்சியை அளக்க 1983இல் கர்ட்ஸ்கி என்பவர் வெளியிட்ட அளவுகோலையே மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகின்றனர். 0 முதல் 10 வரை. ஒரு கோல் ஊன்றி 100 மீட்டர் நடப்பவர் 6. சக்கர நாற்காலி வேண்டுபவர் 7. நடுப்பகுதி முழுவதும் நடையையே அளக்கிறது. அக்கா 6. கோல் இல்லாமல் நடந்த காலத்தில் நாளுக்கு இரண்டு ஜாக்கெட். கோல் ஊன்றும் இப்போது மோட்டாரால் மூன்று. இது எந்த அளவுகோலில் ஏறும் என்று எனக்குத் தெரியவில்லை.

சட்டமும் ஓரளவு துணைக்கு வருகிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை ஊனங்களையே கணக்கில் கொண்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றது; அவற்றுள் மரப்பு நோய் பெயர் சொல்லியே இடம்பெற்றுள்ளது. இதை அறியாமல் பல குடும்பங்கள் அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பதேயில்லை. நாங்களும் ஆறு ஆண்டு அறியாமலிருந்தோம். அரசு மருத்துவமனை முகாமில் ஓர் எழுத்தர் 'கால்தான் இருக்கே' என்று திருப்பி அனுப்பினார். சட்டத்தின் அட்டவணையை அச்செடுத்துக்கொண்டு மறுவாரம் நானே போனேன். பட்டப்படிப்பின் பயன் எனக்கு முதன்முதலாகத் தெரிந்த நாள் அது.

இன்னும் வரக்கூடியவை உள. படுக்கையில் நெடுநேரம் இருப்போர்க்கு இரண்டு மணிக்கொரு முறை புரட்டாவிடில் புண் வரும், விழுங்குதல் தடுமாறலாம், மறதியும் மனச்சோர்வும் நோயின் பகுதியாகவே வரலாம், அவற்றுக்கும் மருத்துவம் உண்டு. இவற்றை எல்லாம் இப்போதே சொல்லி அச்சுறுத்துவதா, வரும்போது பார்த்துக்கொள்வதா என்று எனக்குள் வாதம் நடந்தது. நான் முடிவு செய்ய வேண்டியதன்று என்று தோன்றியது. அக்காவையே கேட்டேன். 'அடுத்தது என்னன்னு மட்டும் சொல்லு. அதுக்கடுத்தது அப்புறம்' என்றார். அவ்வாறே செய்கிறோம்.

சென்ற மாதம் மருத்துவரிடம் போனபோது, பேசியவன் நானல்லன். அக்கா அளவு நோட்டோடு போனார். அதில் மூன்று கேள்விகள் எழுதியிருந்தன. மருத்துவர் முதலில் எண்களைப் பார்த்தார். பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பயிற்சி மருத்துவர் இருவரை அழைத்தும் காட்டினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெளியே அன்றும் நாற்பது பேர் இருந்தனர்.

முதல் கேள்வி, இடது கால் எத்தனை நாள் தாங்கும் என்பது. சொல்ல முடியாது அம்மா, என்றார். அக்கா அதையும் எழுதிக்கொண்டார். இரண்டாவது, கையால் மட்டும் ஓட்டும் மெஷினுக்கு இப்போதே பழகிக்கொள்ளலாமா என்பது. பழகலாம், இப்போதே பழகுவது நல்லது என்றார். மூன்றாவதைக் கேட்கும் முன் அக்கா என்னை, 'தம்பி, நீ போய் மாத்திரை வாங்கிட்டு வா' என்றார். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.